ஏழாம் நம்பர் சீட்டில் ஐம்பத்தெட்டு கிலோ

மணவாளனுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. காலை ஆறு மணிக்குக் கரண்ட் வந்ததிலிருந்து ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முதுகுத்தண்டின் அடியில் தொடங்கிய வலி எட்டு மணிக்குத் தொடைக்கு இறங்கி, பத்துக்கு முழங்காலைத் தாண்டி, அதற்குப் பிறகு வலியாகக்கூட இல்லாமல் போய்விட்டது. இடது கால் இருக்கிறதா என்று கையால் தட்டிப் பார்த்தான். கட்டையைத் தட்டுவது போலிருந்தது. ராட்டினத்துக்கு இரும்பு தூக்கிய காலத்தில் தோள்பட்டைத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு நியாயம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இப்படி வலிக்குமென்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். போன மார்கழியில் ‘தானே’ புயல் சாய்த்த கம்பங்களையெல்லாம் திரும்ப நட்டுவிட்டார்கள். கம்பியில் ஓடவேண்டியதுதான் பாதி நாள் ஓடுவதில்லை. அதற்குள் காலி வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமென்று மவுஸை நகர்த்தினான்.

கம்ப்யூட்டரில் தண்டவாளம் போடுவதுதான் இப்போது அவன் வேலை. திரையில் ஒரு பச்சை மைதானம் இருக்கும். அதில் புள்ளி புள்ளியாக வைத்து இழுத்தால் ரோலர் கோஸ்டர் பாதை எழும்பும். மேடு, பள்ளம், வளைவு எல்லாம் அவன் இஷ்டம். வண்டி ஓடுவது மட்டும் அவன் இஷ்டமில்லை. எடை, காற்று, சக்கரத்தின் உரசல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, நிஜ வண்டி எப்படி ஓடுமோ அப்படியே சாஃப்ட்வேர் ஓட்டிக் காட்டும். வேகம் போதாவிட்டால் வண்டி பாதி மேட்டில் நின்று பின்னால் வழுக்கி வரும். முடித்த பாதையைப் படமாக எடுத்து, முதலாளி சடையப்பனின் சிமுலேட்டர் பெட்டியில் போடுவார்கள். லாரியில் ஏற்றித் திருவிழாவுக்குத் திருவிழா கொண்டுபோகும் இரும்புப் பெட்டி அது. உள்ளே பன்னிரண்டு சீட், எதிரே திரை. படத்தில் வண்டி சாய்ந்தால் சீட்டும் சாயும், குலுங்கினால் குலுங்கும். அந்தச் சீட்டுகள் அசைவது மொத்தம் ஒன்பது அங்குலம். மீதியை மனுஷனின் வயிறே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு சீட்டிலும் எத்தனை கிலோ என்று ஒரு பட்டியலில் தட்ட வேண்டும். காலி வண்டி. பன்னிரண்டிலும் சைபர் போட்டான். வண்டி சங்கிலியில் ஏறியது, இறங்கியது, சுற்றியது. கடைசி மேட்டில் காலி வண்டி, உந்தித் தள்ள எடையில்லாமல், திணறித்தான் ஏற வேண்டும். இது ஆள் ஏற்றிய வண்டியைப் போல ஏறிப் போனது.

பட்டியலைத் திறந்தான். ஏழாம் நம்பர் சீட்டில் 58 என்று இருந்தது.

கை தவறியிருக்கும் என்று அழித்துச் சைபர் போட்டான். ஓட்டினான். திறந்தான். 58. சாஃப்ட்வேரை மூடித் திறந்து மறுபடி செய்தான். 58. எட்டாவது தடவையோடு எண்ணுவதை விட்டுவிட்டான். பயமெல்லாம் இல்லை. பல்லிடுக்கில் சிக்கிய நாரை நாக்கு தேடிப் போவது போலத்தான் அவன் அந்த எண்ணைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான்.

கரண்ட் போனது. யூ.பி.எஸ் கூவத் தொடங்கியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தான். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் ரோட்டுக்குப் பின்னால், சடையப்பனின் குடோனுக்கு மேலே இருக்கும் ஜன்னல் இல்லாத அறை அது. பழைய ராட்டினத்தின் கிரீஸ் வாசனையும் தார்ப்பாய் வாசனையும் படிக்கட்டு வழியாக மேலே வந்து, போக வழியில்லாமல் சுவரில் படிந்து கிடந்தன. தெருவில் ஒரு ஆட்டோ போனது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுக்குள்ளே, வண்டியை மேட்டுக்கு இழுக்கும் சங்கிலிச் சத்தம் கேட்டது. டக். டக். டக். ஸ்பீக்கரின் ஒயரைக் கையால் தடவிப் பார்த்தான். பிடுங்கித்தான் போட்டிருந்தான்.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். சத்தம் நின்றது.

“இன்னா மச்சான், இருட்டுல குந்திகினு யாருக்கு வசியம் வைக்கிற?” சார்லஸின் குரல். பரோட்டாப் பொட்டலத்தின் வாசனை அவனுக்கு முன்னால் வந்தது.

சார்லஸ் முதுநகர்க்காரன். ஜெனரேட்டர் பார்ப்பதும் சிமுலேட்டர் பெட்டியை இயக்குவதும் அவன்தான். முப்பத்தாறு வயது, நல்ல தொப்பை, வாய் ஓயாது. செல்போன் வெளிச்சத்தைக் கீழே வைத்துப் பொட்டலத்தைப் பிரித்தான்.

“சாப்புடு. மொதலாளி கணக்குலதான். ஆமா, அந்த எறக்கத்த எப்பிடிடா போட்ட? சில்வர் பீச்சுல எங்க மாமியாள ஏத்தி உட்டனா, எறங்கி வந்து எம் மூஞ்சியப் பாத்து, ‘மாப்ள, நீங்க ரொம்ப நல்லவரு’ன்னுச்சு. பதினோரு வருசத்துல மொதத் தடவ!”

“சும்மா வந்துச்சி.”

“சும்மா வருமா? மொத மொதல்ல நீ போட்ட பாதைலலாம் ஜனங்க தூங்குனாங்களேடா. ஒரு ஆயா கொறட்டையே உட்டுச்சு.”

உண்மைதான். அவன் போட்ட முதல் நாலு பாதைகளில் ஏறியவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கினார்கள். “டவுன் பஸ்ஸுல போனாலே இதுக்கு மேல குலுங்குது, அதுக்கு எவன்டா தனியா டிக்கெட் எடுப்பான்?” என்று சடையப்பன் ஆள்களுக்கு நடுவில் வைத்துக் கேட்டார். அன்று மத்தியானம் மணவாளன் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து அந்த இறக்கத்தைப் போட்டான். யோசிக்கவில்லை. கை போட்டது. நாற்பத்திரண்டு அடிக்கு ஏறும். உச்சியில் ஒரு விநாடி சும்மா நிற்கும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தாழும், கீல் ஒன்று விட்டுக்கொடுத்தது போல. தொங்கும். பிறகு நேராகக் கீழே. ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் மேல்.

நாற்பத்திரண்டு அடி பெரிய உயரமில்லை. ஆனால் ஏறியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இறங்கியவர்கள் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

“சரி, வியாழக்கிழம சிதம்பரத்துல பொட்டிய நிறுத்திடுறன்,” என்றான் சார்லஸ், விரலை நக்கிக்கொண்டே. “நீ வெள்ளிக்கிழம வந்து மொத சுத்து உக்காரு. ஞாபகம் இருக்குல்ல?”

“ம்.”

சடையப்பன் கம்பெனியில் அது ராட்டினக் காலத்திலிருந்தே உள்ள வழக்கம். ஒரு ஊரில் ராட்டினத்தை நட்டதும் ஆள் உட்காரும் எல்லாத் தொட்டியிலும் மணல் மூட்டை வைத்து ஒரு சுற்று விடுவார்கள். மூட்டை கிடைக்காத ஊரில் வேலையாள்களே மூட்டைக்குப் பதிலாக உட்கார வேண்டும். அவரவர் முடுக்கிய தொட்டியில் அவரவர். யார் எத்தனை கிலோ என்பது ஒரு அட்டையில் எழுதித் தொங்கும். சிமுலேட்டர் வந்த பிறகு, பாதை போட்டவன் முதல் சுற்று உட்கார வேண்டும் என்று அது மாறியது. சில்வர் பீச்சில் திருவிழா நடுவில் அவசரமாகப் படத்தை மாற்றினார்கள். அதனால் இந்த இறக்கத்துக்கு முதல் சுற்று என்று ஒன்று நடக்கவேயில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. சார்லஸ் போய்விட்டிருந்தான்.

சாஃப்ட்வேரில் எந்த சீட்டில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். எண்ணைத் தட்டினால் அந்த சீட்டுக்காரன் கண்ணுக்குத் தெரிவது திரையில் தெரியும். அந்தப் பார்வை எப்போதும் நேரே முன்னால்தான் இருக்கும். திரும்பாது, குனியாது. மணவாளன் ஆறைத் தட்டினான். ஒழுங்காகப் போய் வந்தது. எட்டைத் தட்டினான். ஒழுங்காகப் போய் வந்தது. பிறகு ஏழு.

வண்டி கிளம்பியது. மற்ற சீட்டைவிட ஒரு சாண் தாழ்வாகத் தெரிந்தது, உட்கார்ந்திருப்பவன் குள்ளம் என்பதுபோல. பார்வை மெதுவாக மேலும் கீழும் ஆடியது. வண்டியின் ஆட்டம் அது இல்லை. மூச்சு விடும் ஆள் ஒருவனின் நெஞ்சு ஏறி இறங்குவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு ஆடியது. சங்கிலி இழுத்தது. பத்து அடி. இருபது. முப்பது. உச்சியில் வண்டி நின்றபோது பார்வை குனிந்தது.

குனிய முடியாது. குனிந்தது.

கீழே பச்சை மைதானம் தெரிந்தது. அவன் அதில் ஒரு மரம்கூட வைத்ததில்லை, ஆள் வைத்ததே இல்லை. இறக்கம் முடியும் இடத்தில் ஒரு ஆள் நின்றான். தீக்குச்சி அளவு. முகம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது, எதையோ கடித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினது போல.

இடது பக்கம் தாழ்ந்தது. தொங்கியது. பிறகு அந்த ஆள் பெரிதாகிக்கொண்டே வந்தான்.

வண்டி ஸ்டேஷனில் வந்து நின்றது. ஓட்டம் முடிந்தது என்று பச்சை எழுத்தில் காட்டியது. மணவாளன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்த ஆளின் சட்டை அவனுக்குத் தெரியும். ஊதாக் கட்டம் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மணவாளனேதான் அதைப் போட்டிருந்தான்.

குமராட்சியைத் தாண்டி ஒரு ஊரில் திருவிழா. அறுத்த வயலில் ராட்டினம் நட்டார்கள். மேலே காய்ந்திருந்தாலும் கட்டாந்தரை இல்லை. காலை வைத்தால் அடியில் சகதி நெளிந்தது. மணல் மூட்டை கிடைக்கவில்லை. ஏழாம் நம்பர் தொட்டி மணவாளன் முடுக்கியது. தொட்டியைத் தாங்கும் தண்டு நழுவாமலிருக்க ஓட்டையில் மாட்டும் காட்டர் பின் ஒன்று லாரியில் வரும்போது எங்கோ விழுந்துவிட்டது. கடைக்குப் போனால் குமராட்சி வரை போக வேண்டும். வெல்டிங் ராடில் ஒரு துண்டை வெட்டி, வளைத்து உள்ளே விட்டான். பார்ப்பதற்குக் காட்டர் பின் போலவே இருந்தது. ஒரு நாள் தாங்கும், நாளைக்கு வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தான். அதில் தானே உட்கார வேண்டும் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பஜ்ஜிக் கடைக்குப் போனான். ஒரு தட்டு வாங்கினான். ஏழாம் தொட்டிக்குப் பக்கத்தில் ஆண்டி நின்றிருந்தான். நாற்பது வயது, குள்ளம், ராட்டினத்திலேயே ஊறினவன். மணவாளனுக்கு இரும்பு தூக்கக் கற்றுக்கொடுத்ததும், ரத்தம் கட்டினால் எந்த எண்ணெய் தடவுவது என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

“மாமா, எனக்குப் பதிலா ஒரு சுத்து உக்காரேன். இத துன்னுட்டு வந்துர்றன்.”

“துன்னுடா, துன்னு. ஒரு சுத்துதான,” என்று ஆண்டி ஏறி உட்கார்ந்தான். அட்டையில் மணவாளன் பேரை அடித்துவிட்டு யாரோ எழுதினார்கள்: ஆண்டி, 58.

நாற்பத்திரண்டு அடி உச்சியில் தொட்டி ஒரு விநாடி நின்றது. இடது பக்கம் தாழ்ந்தது. ஆண்டி எட்டிக் கீழே பார்த்தான். கத்தவில்லை. மணவாளனைத்தான் பார்த்தான். நனைந்த நெல் மூட்டையை லாரியிலிருந்து உருட்டித் தள்ளினால் வருமே, அந்தச் சத்தம். அவ்வளவுதான் சத்தம். கால் இரண்டும் சகதிக்குள்ளே முழங்கால் வரை இறங்கியிருந்தன. முழங்காலுக்கு மேலே ஆள் பாதி உயரம்தான் இருந்தான்.

ஆண்டி குடித்துவிட்டு ஏறினான் என்று போலீஸுக்கு எழுதிக் கொடுத்ததில் மணவாளன் கையெழுத்தும் உண்டு. ஆண்டி கள்ளைக்கூட வாசனை பார்த்ததில்லை. சாவு வீட்டில் ஆண்டியின் பெண்டாட்டி மங்கலம் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அது ஒன் தொட்டியாச்சே தம்பி. அதுல அவரு எதுக்கு ஏறுனாரு?”

“அவருதான் ஆசப்பட்டு ஏறுனாரு அக்கா,” என்றான் மணவாளன்.

அந்த வாக்கியத்தைச் சொன்னபோது உள்ளே ஏதோ அணைந்துபோனது. அதற்குப் பிறகு அது எரியவேயில்லை. அவன் அழவில்லை. ராட்டினம் ஏறுவதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டான். சோறு தின்றான். தூங்கினான்.

இப்போது திரையில் நாற்பத்திரண்டு அடியை முப்பதாகக் குறைத்தான். சேமித்தான். மூடித் திறந்தான். நாற்பத்திரண்டு. இறக்கத்தையே வெட்டி எறிந்தான். மூடித் திறந்தான். இருந்தது. சடையப்பனுக்குப் போன் போட்டான்.

“மொதலாளி, சிதம்பரத்துக்குப் பழைய பாதையவே போட்டுரலாமா?”

“ஏன், புதுசுக்கு என்னா கேடு?”

“கணக்குல ஏதோ இடிக்குது.”

“இடிச்சா கம்ப்யூட்டருக்குள்ள இடிக்கட்டும். நாப்பத்திரண்டு அடின்னு பேனர் அடிச்சுக் கட்டியாச்சுடா. ஆனித் திருமஞ்சனக் கூட்டம் அவ்வளவும் அந்தப் பக்கமாத்தான் வரும். வந்து ஒரு சுத்து உக்காந்து, ஓகேன்னு சொல்லிட்டுப் போ. உன்ன என்னா மலையா ஏறச் சொல்றன்?”

“சரிங்க.”

சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டுக் கிடந்த அரைப் பரோட்டாவைத் தின்று முடித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிதம்பரத்தில் இறங்கினான். வடக்கு வீதி தாண்டி ஒரு மைதானம். மணல் காய்ந்து, நடந்தால் செருப்புக்குள் சுட்டது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் வந்து வந்து அறுந்தது. பந்தல்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, வெயிலில் அந்த இரும்புப் பெட்டி மட்டும் நின்றது. பெட்டிக்கு வெளியே ஒரு சின்ன மேஜை, இயக்கும் பொத்தான்கள், உள்ளே ஓடும் படத்தைக் காட்டும் டி.வி. ஒன்று. பக்கத்தில் எடைப் பலகை: ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் ஒரு எடைக்கருவி இருக்கிறது, ஆள் உட்கார்ந்தால் பலகையில் எண் வரும்.

“மச்சான், ஏழாவது சீட்டு சென்சார் புட்டுகிச்சு,” என்றான் சார்லஸ். “காலி சீட்டுக்கு ஐம்பத்தெட்டு காட்டுது. ஒயரப் புடுங்கிப் பாத்தன். அப்பவும் காட்டுது. என்னா கருமமோ.”

பலகையில் பதினோரு சைபர். ஏழில் 58.

“அதுல மூட்ட வைக்கல. பத்துதான் இருந்துச்சு. அதான் அதுவே ஆளு இருக்கான்னு சொல்லுதே, இருந்துட்டுப் போவட்டும். நீ எட்டுல உக்காரு. நிறுத்துற பட்டன் அங்கதான் இருக்கு.”

சார்லஸ் மூட்டைகளை அடுக்கினான். பலகையில் அறுபது அறுபதாக எண்கள் வந்தன. மணவாளன் இரும்புப் படியில் ஏறி உள்ளே போனான். உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல் கொதித்தது. ரெக்ஸின் வாசனை, பெயிண்ட் வாசனை. வரிசைகளைத் தாண்டி எட்டாம் சீட்டுக்குப் போனபோது அந்த வாசனைகள் விலகி வேறொன்று வந்தது. நெல் அறுத்த தாளின் வாசனை. தாளுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் சகதியின் வாசனை.

ஏழாம் சீட்டைப் பார்த்தான். பஞ்சு அமுங்கியிருந்தது. இரண்டு தொடை, நடுவில் ஒரு மடிப்பு. கையை வைத்தான். அந்தக் கொதிப்பில் அது மட்டும் ஈரமாக, சில்லென்று இருந்தது. கைக்கு அடியில் பஞ்சு மெதுவாக ஒருதரம் அசைந்தது. பக்கத்தில் வந்து உட்காருகிறவனுக்கு இடம் விட்டு ஒருவன் தள்ளி உட்காருவானே, அப்படி.

மணவாளன் இறங்கி வெளியே வந்தான்.

“இன்னாடா?”

“கால் மரத்துப்போச்சு. உக்கார முடியல.” அன்று கால் மரக்கவில்லை. விரல் நுனி வரை உணர்ச்சி இருந்தது. “நீ எனக்குப் பதிலா ஒரு சுத்து உக்காரு.”

அந்த வார்த்தைகள் வாயிலிருந்து போனதை அவன் கேட்டான். வேறு யாரோ சொன்னது போலத்தான் கேட்டது. அவனுக்குத் தெரியும். குமராட்சியில் தெரிந்த அளவுக்கு, அதைவிட அதிகமாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

சார்லஸ் சிரித்தான். “போட்டவனுக்கே பேதியா? மொதலாளிகிட்ட சொல்லட்டா?”

“சொல்லாத.”

“மூஞ்சியப் பாரு, வெளக்கெண்ண குடிச்சாப்புல. சரி உடு. எம் மவ போன் பண்ணா கேப்பா, ‘அப்பா, நீ ஏறுனியா’ன்னு. ஏறுனேன்னு சொல்லிக்கிறன்.” படியில் ஏறினான். கதவருகில் திரும்பினான். “கூப்புட்டா நிறுத்துடா. பட்டன நம்ப மாட்டன், உன்னத்தான் நம்புறன்.”

கதவு மூடியது. எட்டில் 71 வந்தது.

மணவாளன் பொத்தானை அழுத்தினான்.

டி.வி.யில் படம் ஓடியது. பெட்டி ஆடத் தொடங்கியது. உள்ளே சார்லஸ் விசில் அடித்தான். முதல் வளைவு. பெட்டி இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. எண்கள் ஏறி இறங்கின. எழுபத்தொன்று எழுபத்தாறானது, அறுபத்தெட்டானது. ஒன்பது அங்குலம் ஆடுகிற சீட்டில் எடை ஐந்து கிலோ கூடும், பத்து கிலோ குறையும். அதற்கு மேல் போகாது. போக வழியில்லை.

சங்கிலி. டக். டக்.

பத்து அடி.

இருபது.

“மச்சான்!” உள்ளேயிருந்து சார்லஸ். இன்னும் சிரிப்பு இருந்தது குரலில். “பக்கத்துல ஈரமா இருக்குடா!”

முப்பது.

“டேய். யாரோ...”

மணவாளன் கை நிறுத்தும் பொத்தானுக்கு மேலே இருந்தது. இறங்கவில்லை. நிறுத்தினால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே போக வேண்டும்.

நாற்பத்திரண்டு.

உச்சி. ஒரு விநாடி. பெட்டி அசையவில்லை. விசில் இல்லை. நாதஸ்வரமும் அறுந்திருந்தது. டி.வி.யில் இடது பக்கம் தாழ்ந்தது.

ஏழில் சைபர்.

எட்டில் சைபர்.

இரண்டு பேரும் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஒன்று.

ஒன்றரை.

சத்தம் வந்தது. பெரிய சத்தமில்லை. மைதானத்தின் அந்தப் பக்கம் படுத்திருந்த நாய்கூடத் தலை தூக்கவில்லை. நனைந்த நெல் மூட்டை.

படம் ஓடி முடிந்தது. வண்டி ஸ்டேஷனில் வந்து நின்றது. பெட்டி அடங்கியது. உள்ளே யாரும் கூப்பிடவில்லை. மணவாளன் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படியேறிக் கதவைத் திறந்தான்.

மூட்டைகள் வைத்தபடியே இருந்தன. ஒன்றுகூடச் சரியவில்லை.

சார்லஸ் எட்டாம் சீட்டில் பெல்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தான். உயரம் குறைந்திருந்தது. தோள் இரண்டும் காதுக்கு வந்திருந்தன. கழுத்து என்று ஒன்று இல்லை. முழங்கால் இரண்டிலும் எலும்பு வெளியே வந்து, வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. செருப்பைக் காணோம். பாதத்திலிருந்து முழங்கால் வரை வயல் சேறு, கறுப்பாக, ஈரமாக, அதில் ஒட்டின வைக்கோல் துணுக்குகளோடு. சேறு சொட்டி இரும்புத் தரையில் பரவிக்கொண்டிருந்தது. நிறுத்தும் சிவப்புப் பட்டனை அவன் கட்டைவிரல் உள்ளே அழுத்தி வைத்திருந்தது. வாய் திறந்திருந்தது. கண் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணவாளனைத்தான்.

அவனுக்குப் பக்கத்தில் ஏழாம் சீட்டின் பெல்ட் கழன்றிருந்தது. இரண்டு முனையும் இரண்டு பக்கமும் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது, அடுத்தவன் வந்து உட்கார வசதியாக. அமுங்கிக் கிடந்த பஞ்சு, யாரோ இப்போதுதான் எழுந்துகொண்டது போல, மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

ஆண்டிக்கு ஒரு சுற்று. சார்லஸுக்கு ஒரு சுற்று. மணவாளன் உட்கார வேண்டியது இரண்டு சுற்று பாக்கி.